ரோதமுனிக்கு வைத்த இலை

ஹொஸ்டல்
12.02.1998

அன்புள்ள சுகந்தினி அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. இதை அம்மாவிடம் காட்டாதீர்கள். அப்பாவிடம் மட்டும், அவர் தேயிலைப் பெக்டரியிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்த பிறகு பக்குவமாகச் சொல்லுங்கள்.

போன வாரம் கேம்பஸ் காவலுக்கு இருக்கிற மார்ஷல்மார் வந்து எங்கள் அறைகளைச் சோதித்தார்கள். சீனியர்களுக்கும் எங்கள் வருஷத்துப் பெட்சுக்கும் நடந்த அடிதடிக்காக வந்தவர்கள், கம்பும் போத்தலும் தேடித்தான் வந்தார்கள். என் அலுமாரியைத் திறந்தபோது ஒரு பொட்டலம் அகப்பட்டது. அதில் இருந்தது கஞ்சா. பதறாதீர்கள் அக்கா. ஆடிப் பூசையில் அப்பா ரோதமுனிக்குச் சுருட்டுக்குள் வைத்துப் படைப்பாரே, அதே இலைதான். காவலுக்கு இருக்கட்டும் என்று கொஞ்சம் எடுத்துவந்து முனி படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். மார்ஷலிடமும் அப்படித்தான் சொன்னேன். தோட்டத்துப் பெக்டரியில் சுற்றுகிற சக்கரங்களுக்கெல்லாம் அந்தச் சாமிதான் காவல், என் அப்பாதான் பூசாரி என்று சிங்களத்தில் விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

இப்போது விசாரணை வைத்திருக்கிறார்கள். என் அறைத் தோழன் புவாடும் வரவேண்டும். அப்பா வந்து, "எங்கள் சாமிக்குப் படைக்கிறதுதான், நான்தான் கொடுத்துவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் சமய விஷயம் என்று விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் படிப்பைப் பாதியில் நிறுத்தி என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆர்டன்மோர் தோட்டத்திலிருந்து கேம்பஸ் வந்த முதல் ஆள் நான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வருகிற புதன்கிழமை காலையில் விசாரணை. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, சந்தனம் பூசி, பூசாரியாகவே வந்தால் நல்லது.

உங்களையே நம்பியிருக்கும்
குமார்


ஆர்டன்மோர் தோட்டம், கீழ்ப்பிரிவு
யட்டியாந்தோட்டை
16.02.1998

தம்பி குமாருக்கு,

உன் கடிதம் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தது. மடியில் ஒன்றும் தொட்டிலில் ஒன்றுமாக, மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவர்கள் விட்டுப்போன இரண்டு பிள்ளைகள் போட்டி போட்டு அழுதுகொண்டிருந்தன. அதற்கு நடுவில் படித்தேன். பிறகு அவர்களோடு சேர்ந்து நானும் அழுதேன்.

ரோதமுனிக்கு ஏதடா படம்? ஒரு கல், ஒரு சூலம், வருஷா வருஷம் சுற்றுகிற சிவப்புத் துணி. அவ்வளவுதானே நம் முனி. எந்தப் படத்துக்கு முன்னால் வைத்தாய்? அப்பா சுருட்டில் வைப்பது ஒரு சிட்டிகை. சாமி வாயில் வைத்துப் பற்றவைத்து, பூசை முடிந்ததும் தன் கையாலேயே கொண்டுபோய் ஓடையில் விட்டுவிடுவார். அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இல்லை, வாயில் வைத்ததும் இல்லை. நீ யாரிடம் கதை சொல்கிறாய்?

நேராகக் கேட்கிறேன். நீ கஞ்சா குடிக்கிறாயா? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் எழுது. அதற்கு மேல் எனக்கு விளக்கம் வேண்டாம்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் புதன்கிழமைக்குப் பிறகு நீ படுக்கை சுருட்டிக்கொண்டு லயத்து வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது என்று வந்தபோது பிள்ளைக் காம்பரா வேலைக்குப் போனவள் நான். அந்தப் படிப்பு போனால் இரண்டு பேருடைய படிப்பும் போகும்.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தியா தாயி, அம்புட்டுத் தூரம் போயும் பய முனிய மறக்கல" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. வேட்டியை நீலம் போட்டுத் துவைத்துக் காயவைத்திருக்கிறார். அம்மாவிடம், கேம்பஸில் பெற்றோர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அவளும் பெருமையாக லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பதில் எழுது.

சுகந்தினி


ஹொஸ்டல்
27.02.1998

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பிவிட்டேன். ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள்.

அப்பா வந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விசாரணை அறை வாசலில், கோயிலுக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தமிழ் லெக்சரர் ஒருவரை மொழிபெயர்க்க வைத்திருந்தார்கள், அவருக்கு வேலையே இல்லை. அப்பா சிங்களத்தில் அவர்களைவிட நன்றாகப் பேசினார்.

பொட்டலத்தை மேசைமேல் வைத்து, இதுவா என்று கேட்டார்கள். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒவ் மஹத்தயா, மம தமா துன்னே" என்றார். ஆமாம் ஐயா, நான்தான் கொடுத்தேன். அவ்வளவுதான். ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்றார். வழியில் ஒன்றும் பேசவில்லை. களைப்பாக இருந்திருக்கும்.

பரீட்சை நெருங்குகிறது. இனி எல்லாம் ஒழுங்காகிவிடும். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி
குமார்


ஆர்டன்மோர்
29.03.1998

குமாருக்கு,

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

உன்னை எச்சரித்து விட்டவர்கள், அப்பா கையெழுத்துப் போட்ட தாளைப் பொலிசுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாணவனுக்குக் கஞ்சா கொண்டுவந்து கொடுத்ததாக அதில் எழுதியிருக்கிறது. அப்பாவுக்குச் சிங்களம் பேசத்தான் தெரியும், எழுத்து தெரியாது. உனக்குத் தெரியுமே. பக்கத்தில்தானே நின்றாய், எட்டிப் பார்க்கவில்லையா?

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, கொழுந்து நிறுக்கிற நேரம் பார்த்து ஜீப் வந்தது. தோட்டமே நின்று பார்த்தது. முனி கோயில் பெட்டியைத் திறந்து தரையில் கொட்டினார்கள். திருநீறு, மணி, பழைய பட்டுத் துண்டு, ஆடிப் பூசைக்கென்று வாங்கி மடித்துவைத்திருந்த அந்த ஒரு சிட்டிகை. அது போதுமாக இருந்தது அவர்களுக்கு. கோர்ட்டில் அப்பா ஒன்றையும் மறுக்கவில்லை. தண்டம் கட்டிக் கூட்டிவந்தோம். தோட்டத்துத் தொரை அவரைப் பெக்டரி வாச்சர் வேலையிலிருந்து எடுத்து மலையில் புல்லு வெட்டப் போட்டுவிட்டார்.

அதையும் தாங்கிக்கொண்டார். பிறகு கோயில் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் பஜார் கடைக்காரர் குமாரவேல் முதலாளி, உனக்குத் தெரியும். "பெத்த புள்ளைக்கே கஞ்சா குடுத்து வளர்த்தவன் கையால எங்களுக்குத் துன்னூறு வேணாம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிக் கோயில் சாவியைக் கேட்டார். அப்பா இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். குமாரவேல் முதலாளி வீட்டில் எனக்குப் பேசியிருந்த சம்பந்தத்தைப் பற்றி நீ இனிக் கேட்க வேண்டாம். அதுவும் சாவியோடு போய்விட்டது.

அன்று இரவு அப்பாவிடம் கேட்டேன், என்ன நடந்தது அங்கே என்று. சொன்னார்.

"மேசையில வச்சிருந்தாங்க தாயி. பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சு, இது நம்ம முனிக்கு வைக்கிறது இல்லேன்னு. நாப்பது வருசத்துக்கு வைக்கலாம், அம்புட்டு இருந்திச்சு. பயலத் திரும்பிப் பாத்தேன். தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான். அப்புறம் என்னத்தச் சொல்லச் சொல்ற?"

புரிகிறதா? உன்னை நம்பி அங்கே வந்தார். பொய் என்று தெரிந்த பிறகுதான் ஆமாம் என்று சொன்னார்.

இதை ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அம்மாவிடம்கூட. அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "நீதான்யா எம் புள்ளையக் கெடுத்தே" என்று ஒரு நாள் கத்தினாள். அதுதான் அவள் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை. சோற்றைப் போட்டு வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். வேலையிலிருந்து வந்த மனிதர் அதை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு தடவை வந்து உண்மையைச் சொல். எனக்குத்தான் சத்தியம், உனக்கு என்ன தடை?

சுகந்தினி


ஹொஸ்டல்
14.04.1998

அக்கா,

புத்தாண்டு நாளில் இதை எழுதுகிறேன். ஹொஸ்டல் காலியாகக் கிடக்கிறது. நான் வீட்டுக்கு வரவில்லை, எந்த முகத்தோடு வருவது?

கேட்டீர்கள், சொல்கிறேன். குடிக்கிறேன். எப்படித் தொடங்கியது என்பதையும் கேளுங்கள். முதல் வருடம், கொழும்பில் குண்டு வெடித்த வாரம், ஹொஸ்டலில் இருந்த தமிழ்ப் பொடியன்களை எல்லாம் லொறியில் ஏற்றினார்கள். மற்றவர்களுக்காகத் தெரிந்தவர்கள் வந்து பேச, அடையாள அட்டை பார்த்து விட்டுவிட்டார்கள்; எனக்கு வந்து பேச ஆள் இல்லை. என் அட்டையில் இருந்த தோட்டத்து விலாசத்தைப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர், உனக்கும் வடக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுக்கேட்டு அடித்தார்கள். திரும்பி வந்தால் யாழ்ப்பாணத்துப் பையன்கள் "தோட்டத்தானையும் பிடிச்சவங்களாம்" என்று சிரிக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் வேண்டாதவன். இரத்தினபுரிப் பக்கத்துச் சீனியர் ஒருவர், விஜேந்திரன், நம்மைப் போல் ஒரு தோட்டத்து ஆள், என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு சுருட்டைக் கொடுத்தார். அன்றைக்குத்தான் தலைக்குள் இருந்த சத்தம் அடங்கியது. அப்புறம் அது இல்லாமல் படிக்க உட்கார முடியவில்லை. இங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். மந்திரி மகனும் குடிக்கிறான், அவன் அலுமாரியை மட்டும் யாரும் திறப்பதில்லை. சித்தர்கள் குடிக்கவில்லையா? யட்டியாந்தோட்டை வெதமஹத்தயா நாட்டு மருந்தில் போடவில்லையா?

பொட்டலத்தில் இருந்தது முழுக்க என்னுடையது இல்லை, நண்பர்களுக்கும் சேர்த்து வைத்திருந்தேன். அவர்கள் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவுக்கு நடந்தது எனக்கு மட்டும் இனிக்கிறதா? ஆனால் யோசித்துப் பாருங்கள். இப்போது நான் உண்மையைச் சொன்னால், பொய் சொன்னதற்காக என்னை வெளியே போடுவார்கள். அப்பா பட்டதெல்லாம் வீணாகப் போய்விடும். அவர் எதற்காகப் பட்டாரோ அதைக் காப்பாற்றுவதுதானே நான் அவருக்குச் செய்யும் கைம்மாறு?

குமார்


ஆர்டன்மோர்
10.08.1998

குமாருக்கு,

நாலு மாதம் எழுதாமல் இருந்தேன். உன் கடிதத்தைப் படித்து அழுதது உண்மை. உன்னை அடித்த கை அழுகிப் போகட்டும் என்று சபித்ததும் உண்மை. அப்போதே நீ ஒரு வரி எழுதியிருந்தால் அப்பா வந்து உன்னைக் கூட்டிவந்திருப்பார். அதை மறைத்தாய், அப்புறம் எல்லாவற்றையும் மறைக்கப் பழகிவிட்டாய்.

நண்பர்கள் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அப்பா பெயரைச் சொல்ல மட்டும் எப்படியடா மனம் வந்தது? சித்தர்கள் குடித்தார்களாம். குடித்துவிட்டு அப்பனைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடவைத்தார்களா?

போன வெள்ளிக்கிழமை ஆடிப் பூசை. புதுப் பூசாரி ஒருவரைக் கரவனெல்லைப் பக்கமிருந்து கொண்டுவந்தார்கள். சாராயம் வைத்தார்கள், சுருட்டு வைத்தார்கள், இலை மட்டும் வைக்கவில்லை. அப்பா கூட்டத்துக்குக் கடைசியில் நின்றார். வரவேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. "முனி என்னைய வரவேணாம்னு சொல்லலியே" என்றார்.

பூசை முடிகிற நேரம் சசி கங்காணிதான் பேச்சை எடுத்தார். நல்ல மனிதர். "மூக்கையா அண்ணன் நம்ம புள்ளைகளத் தூக்கி வளர்த்த ஆளு. அவரு அப்பிடிச் செஞ்சாருன்னு எம் மனசு ஒப்பல. சூடம் அணைச்சு, நான் குடுக்கலேன்னு ஒரு சத்தியம் பண்ணட்டும். சாவியக் குடுத்துருவோம்" என்றார். குமாரவேல் முதலாளியும் சரி என்றார். முனி முன்னால் சூடத்தை ஏற்றித் தட்டை அப்பாவிடம் நீட்டினார்கள்.

பொய்ச் சத்தியம் இல்லை, குமார். நான் கொடுக்கவில்லை என்பது சத்தியமான உண்மை. உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கியிருந்தால் வேலை, சாவி, அம்மா, எல்லாம் அன்றைக்கே திரும்பியிருக்கும். அப்பா கையைத் தூக்கினார். பிறகு இறக்கிவிட்டார். "அணைக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவர் கொடுக்கவில்லை என்றால் நீ பொய் சொன்னாய் என்று ஆகிவிடும், அதுதான் காரணம். விசாரணை மேசையில் உனக்காகப் பொய் சொல்லிவிட்டார், சாமி முன்னால் உன்னைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை. சூடம் தானாக எரிந்து முடியும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதோடு முடிந்தது. இதுவரை சந்தேகப்பட்டவர்களும் இப்போது சந்தேகப்படவில்லை. அம்மா அங்கேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சசி கங்காணி இப்போது அப்பாவைக் கண்டால் வேறு பாதையில் போகிறார்.

பரீட்சையைக் காரணம் காட்டாதே. எப்போது வருவாய் என்று சொல்.

சுகந்தினி


ஹொஸ்டல்
30.08.1998

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன். பட்டம் கையில் வந்ததும் வருகிறேன். அப்போது யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. ஆடிப் பூசையில் அதே இடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால் நின்று, என் கையால் சூடம் அணைத்துச் சொல்கிறேன். என் அப்பா கொடுக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று. அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குறைத்துவிட்டேன். விட்டுவிடுவேன்.

குமார்


ஆர்டன்மோர்
18.06.2000

மூ. கிருஷ்ணகுமார் பி.ஏ. அவர்களுக்கு,

நீ பாஸ் பண்ணியதை பஜாரில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வீட்டுக்கு எழுத உனக்கு நேரம் இருந்திருக்காது. இந்த இரண்டு வருஷத்தில் பொங்கலுக்கு ஒரு கார்டு, தீபாவளிக்கு ஒரு கார்டு. சுகம், சுகம், சுகம். நானும் அதேபோல் பதில் போட்டேன், நாமும் கடிதம் எழுதுகிற ஒரு குடும்பம்தான் என்று தபால்காரர் நினைத்துக்கொள்ளட்டும் என்று.

குமாரவேல் முதலாளி லயத்துக்கே வந்தார். இந்த ஆடிப் பூசையில் உனக்குப் பாராட்டு விழா எடுக்கப்போகிறார்களாம். தோட்டத்தின் முதல் பட்டதாரிக்குப் பொன்னாடை, மாலை, மைக் எல்லாம் உண்டு. அப்பா வாசலில்தான் நின்றார். முதலாளி அவரைத் தாண்டிப் போய் அம்மாவிடம் பேசிவிட்டுப் போனார்.

அதே இடம். அதே ஆட்கள். நீ கேட்டது போலவே அமைந்திருக்கிறது. சொன்னதைச் செய்வாயா?

அப்பாவுக்கு மலையேறும்போது இப்போது மூச்சு வாங்குகிறது. அம்மா இன்னும் பேசவில்லை.

சுகந்தினி


02.07.2000

அக்கா,

வருகிறேன். சொன்னதைச் செய்கிறேன். சசி கங்காணியிடம் சொல்லி, விழாவுக்கு முன்னால் முனிக்குச் சூடம் ஏற்றித் தட்டை என்னிடம் தரச் சொல்லுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவிடம் இப்போதே ஒன்றும் சொல்லாதீர்கள், தடுத்துவிடுவார்.

குமார்


கொழும்பு
21.08.2000

அன்புள்ள அக்காவுக்கு,

வந்ததும் எழுத நினைத்தேன், புது வேலை, நேரமில்லை. நல்ல இடம். அறையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், படித்த பையன்கள்.

பஸ் ஏறும்போது நீங்கள் என்னோடு பேசவில்லை. உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த இடத்தில் நின்று பாருங்கள் அக்கா. சின்னப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த மாதிரிதான் என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் இனிப் படிக்குமா? என் ஒருவனுடைய மனச்சாட்சிக்காக ஒரு தோட்டத்தின் நம்பிக்கையை உடைக்க வேண்டுமா என்று அந்த நிமிஷத்தில் தோன்றியது. வேறு வழியில் செய்யலாம் என்று தோன்றியது, செய்தேன். செய்து காட்டினேனே! "என் முகத்துக்காக அப்பாவை மன்னித்துவிடுங்கள்" என்று நான் கேட்டதும் எவ்வளவு கைதட்டல்! குமாரவேல் முதலாளி அந்த இடத்திலேயே சாவியை எடுத்துக் கொடுத்தாரே, அப்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தீர்களா?

நாம் கேட்டது சாவிதானே. அது வந்துவிட்டது. யாருக்கும் நோகாமல் வந்துவிட்டது. பழையதைக் கிளறாமல் விடுவோம்.

மற்ற விஷயமும் விட்டமாதிரிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், நண்பர்கள் வற்புறுத்தினால்.

அன்புத் தம்பி
குமார்


ஆர்டன்மோர்
03.09.2000

குமார்,

பார்த்தேன். அப்பாவின் முகத்தையும் பார்த்தேன், உன் முகத்தையும் பார்த்தேன்.

சசி கங்காணி சூடத்தை ஏற்றித் தட்டை உன்னிடம் நீட்டியபோது நான் முனியைக் கும்பிட்டு நின்றேன். அப்பாவும் புரிந்துகொண்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு "வேணாம்யா, வேணாம்யா" என்று ஓடிவந்தார், நீ பார்த்தாயோ என்னவோ. அவர் அவசரப்பட்டிருக்க வேண்டியதே இல்லை. நீ சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு, மைக்கைக் கேட்டாய்.

நன்றாகப் பேசினாய். கல்வியைப் பற்றிப் பேசினாய், அம்மாவின் தியாகத்தைப் பற்றிப் பேசினாய். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தவறு செய்யாத மனிதர் யார்? என் அப்பாவும் அறியாமையால் ஒரு தவறு செய்தார். நான் அவரை மன்னித்துவிட்டேன். நீங்களும் என் முகத்துக்காக மன்னித்துவிடுங்கள்" என்றாய். அறியாமையால்! எழுந்து கத்தியிருப்பேன். என் தலையில் வைத்த கையை அப்பா இன்னும் எடுக்கவில்லையே, அதனால்தான் உட்கார்ந்திருந்தேன்.

முன்வரிசைப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதில் பாதி நான் பிள்ளைக் காம்பராவில் வளர்த்தவை. அவை உன்னைப் பார்த்து என்ன படித்துக்கொண்டன என்று எனக்குத்தான் தெரியும். மறுநாளே அவர்களில் ஒருத்தி அப்பாவைப் பார்த்து, "தாத்தா, ஒங்கள மன்னிச்சிட்டாங்களாமே" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ பஸ் ஏறிய அன்று சாயங்காலம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அம்மா சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு வாசற்படி வரை போனாள். அங்கே வைக்கவில்லை. திரும்பி வந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். "புள்ளையே மன்னிச்சிருச்சு, நான் என்னத்தப் புடிச்சுத் தொங்குறது. தின்னுங்க" என்றாள். அப்பா தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு முழுக்கச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். இதையும் எழுதுவதாக இல்லை. அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறார்.

"பய சொன்னதாலதான் சாவியக் குடுத்தாங்க தாயி. அவனாலதான் ஒங்கம்மா வாயத் தொறந்தா. அப்பா நன்றி சொன்னாருன்னு ஒரு வரி போட்டுரு."

போட்டுவிட்டேன்.

சுகந்தினி